பட்டினி நாளில் பிறந்த பண்

செருமானிய இசை என்றதும் பாக்கின் பெயரைச் சொல்லிக் கைகூப்புவார் பலர். அவருக்கு நூறாண்டு முன்னர், 1585இல் பிறந்த ஹைன்ரிக் ஷூட்ஸை நினைப்பவர் எத்தனை பேர்? லூத்தரின் திருச்சபைக்கென வாழ்நாளெல்லாம் இசை யாத்த அப்பெருமகன் இன்று ஏட்டோரத்துக் குறிப்பாய் ஒதுங்கிக் கிடக்கிறார்!

வெனிசில் கேப்ரியேலியிடம் பயின்றவர். டிரெஸ்டன் அரண்மனையின் இசைத் தலைவர். 1619இல் வெளிவந்த ‘தாவீதின் சங்கீதங்கள்’ பல பாடற்குழுக்கள் எதிரெதிர் நின்று முழங்கும் பெரும்படைப்பு. வியந்தேன், உருகினேனில்லை. அந்நூல் காணிக்கையானது சாக்சனிக் கோமானுக்கு. அரண்மனைப் பகட்டும் அதில் சேர்ந்தே ஒலிக்கிறது.

பகட்டைப் பறித்தது முப்பதாண்டுப் போர். குழு கலைந்தது, கருவூலம் வறண்டது. 1636லும் 1639லும் வந்த ‘சிறு திருவிசைகள்’ ஒன்று முதல் ஐந்து குரல்களுக்கும், துணையாக ஓர் ஆர்கனுக்கும் எழுதப்பட்டவை. அவ்வளவே! ஆனால் அங்கேதான் சொல் உயிர் பெறுகிறது. மக்கள் பேசும் செருமன் மொழியின் அழுத்தமும் தயக்கமும் அப்படியே இசையாகின்றன. இலத்தீனிலும் நூல்கள் செய்தவர்தாம். எனினும் தாய்மொழியில்தான் அவர் நெஞ்சு திறக்கிறது. யாப்புக் கற்பிக்கும் என் போன்றோர் அவரிடம் பாடங்கேட்கலாம்.

1650ஆம் ஆண்டுத் தொகுதியில் சவுலை அழைக்கும் பாடல் ஒன்றுண்டு. கொடுமை செய்வோனை நோக்கிய வினா, அடித்தளக் குரல்கள் இரண்டில் முணுமுணுப்பாய்த் தொடங்கி, படிப்படியே மேலேறி, இரு குழுக்களின் இடிமுழக்கமாய் வெடிக்கிறது. பின்னர் எதிரொலியாய்த் தேய்ந்து மறைகிறது. பக்தி இல்லாதவனையும் அது விடாது. ஆதிக்கத்தைப் பார்த்து ‘ஏன்?’ என்று கேட்கும் குரல் அன்றோ அது!

அவ்வினாவை மன்னனிடமும் கேட்டிருக்கலாம். கேட்டாரா? மடல்தான் எழுதினார். போர் ஓய்ந்த பின்னும் ஊதியம் வாராமல் ஆடைகளை அடகு வைத்த பாடகனுக்காக மன்றாடினார். ஆண்டவனைப் பாட ஆள் வேண்டும். பாடுவோனுக்குச் சோறு வேண்டாவா? மதுவிலும் வேட்டையிலும் திளைத்த கோமானின் செவிகளில் அது எளிதில் ஏறவில்லை. அந்தப் பணிவை என்னால் பாராட்ட இயலவில்லை. அந்தப் பரிவைப் பாராட்டாமலும் இருக்க இயலவில்லை.

தமக்கென அவர் கேட்டது ஓய்வு. அதுவும் அக்கோமான் 1656இல் இறந்த பின்னரே கிட்டியது. 1671இல், எண்பத்தைந்தைக் கடந்த முதியவர், 119ஆம் சங்கீதம் முழுவதையும் இரு குழுக்களுக்கென யாத்து முடித்தார். மீண்டும் இரு குழுக்கள். இம்முறை பகட்டு இல்லை. மறு ஆண்டு மறைந்தார்.