வாசகர் அநுபவமும் விமர்சனமும்

"பிடித்தது", "பிடிக்கவில்லை" என்னும் வாசகர் கூற்றை அகவயமானதென்று ஒதுக்குவர் நம் விமர்சகர் பலர். அது பொருந்தாது. அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வெளிவந்தது. வன்னியின் தண்ணிமுறிப்பு அதன் களம். இடம்பெயர்ந்து வெள்ளவத்தையில் வாடகைக்கு வாழும் வன்னி வாசகர் அதில் தாம் இழந்த மண்ணைக் காண்பார். கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர் அறியாத ஊரொன்றின் கதையாகச் சுவைப்பார். அவ்விருவருமே, நாவலின் தோற்றத்தைச் சமூக மாற்றத்தோடு இணைத்து ஆராயும் கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) நூலில் மண்ணைத் தேடார். அதன் வாதத்தோடு உடன்படுவர், அல்லது முரண்படுவர். ஆகவே இரசனை தனிமனிதருடையதாயினும், அதனை உருவாக்குவன நூலின் வகையும் வாசகரின் சமூக வாழ்வுமாகும். விமர்சகர் ஒதுக்கவேண்டியது அக்கூற்றையன்று. 'ஏன்' என்று வினவாது அதனோடு நின்றுவிடும் பழக்கத்தையே.