வா, உக்காரு, சாப்பிட்டியா

தமிழ் கற்க வந்த பிரெஞ்சுப் பெண் ஒருத்தி, மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மாடியறையில் நான்கு மாதம் தங்கியிருந்தாள். மூன்றாவது வாரம், கோயிலுக்குப் போய்விட்டு வந்த என் மாமனார் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவள் ஊஞ்சலிலிருந்து எழுந்து, முகமெல்லாம் சிரிப்பாக, "வா, உக்காரு, சாப்பிட்டியா?" என்றாள். எண்பது வயதுக்காரர் ஒரு கணம் திகைத்தார். பிறகு சொன்னபடி உட்கார்ந்துவிட்டார்.

பிழை அவளுடையதல்ல. மூன்று வாரமாக அவளிடம் யார் பேசினாலும் 'நீ' என்றுதான் பேசினார்கள். வீட்டோடு தங்கிப் படிக்கும் முறையில் யாரும் எச்சரிக்காத சிக்கல் இது. தன்னை நோக்கி வருகிற பேச்சைத்தான் மாணவர் பிடித்துக்கொள்கிறார். தான் அடுத்தவரிடம் பேச வேண்டிய பேச்சு அவர் காதில் விழுவதே குறைவு. அரபு நாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கும் பெண்ணுக்கும் இதே கதிதான். ஆணை அழைக்க 'தஆல்', பெண்ணை அழைக்க 'தஆலி'. நாளெல்லாம் 'தஆலி' கேட்டவள் வீட்டுப் பெரியவரையும் அப்படியே அழைத்து வைப்பாள்.

அரபையும் தமிழையும் சும்மா சேர்த்துப் பேசவில்லை. எழுத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என இரட்டை வழக்கு கொண்ட மொழிகளைப் பற்றி 1959இல் சார்ல்ஸ் ஃபெர்குசன் எழுதிய கட்டுரையில் அரபு முதன்மையான சான்றுகளில் ஒன்று. தமிழும் அந்த இலக்கணத்துக்குப் பொருந்தும் என்று அதிலேயே குறித்திருக்கிறார். அதற்கு இரண்டு நூற்றாண்டு முன்பே வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்குத் தனியாக, செந்தமிழுக்குத் தனியாக லத்தீனில் இலக்கணம் எழுதிவிட்டார். இப்படிப்பட்ட மொழியை வகுப்பறையில் மட்டும் படித்தவர், 'நான் உணவு அருந்திவிட்டேன்' என்று சரவண பவனில் சொல்லி நிற்பார். அந்த வகையில் வீட்டில் தங்குவதற்கு மாற்றே கிடையாது. 'வரட்டுமா' என்றால் கிளம்புகிறார் என்று பொருள். 'பார்க்கலாம்' என்றால் பெரும்பாலும் இல்லை என்று பொருள். இதை எந்தப் பாடநூல் சொல்லித்தரும்?

ஆனால் வீடு தருவது அந்த வீட்டுப் பேச்சை மட்டும்தான். எங்கள் வீட்டில் தண்ணீர் 'ஜலம்', வீடு 'ஆம்'. அவள் தி.நகர் ரங்கநாதன் தெருவில், வியர்க்க விறுவிறுக்க ஒரு கடைக்காரரிடம் "ஜலம் இருக்கா?" என்று கேட்டிருக்கிறாள். அவர் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் பதில் சொன்னாராம். அரபு கற்கும் மாணவர்களுக்கு இது ஊர் அளவிலேயே நடக்கிறது. 2011க்கு முன் பலர் டமாஸ்கஸுக்குப் போனார்கள். அங்கே போர் வந்தபின் ஜோர்டானின் அம்மானுக்கு மாறினார்கள். எந்த ஊரில் தங்கினாலும் கிடைப்பது அந்த ஊர்ப் பேச்சுதான். மொராக்கோவில் ஒரு குடும்பத்தோடு பழகிக் கற்ற பேச்சை வைத்துக்கொண்டு அம்மான் கடைத்தெருவில் காய் வாங்குவது கஷ்டம்.

அவளுக்கு உண்மையில் தமிழ் கற்றுக்கொடுத்தது நாங்கள் இல்லை. பட்டினப்பாக்கத்திலிருந்து பாத்திரம் தேய்க்க வரும் அக்கா. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தெரியாததுதான் பெரிய தகுதி. காலையில் ஒரு மணி நேரம், சாம்பல் நிறக் குழாயடியில், இவள் கேட்க அவர் சொல்ல, 'குந்து', 'இன்னா', 'இட்டுனு வா' எல்லாம் மாடியேறின. மாமியார் முகம் சுளித்தார்: "அதெல்லாம் கத்துக்காதே, நம்மாத்துல பேசற மாதிரி பேசு." இந்த முறையின் பெரிய குறை இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. எது நல்ல தமிழ் என்று தீர்மானிப்பது வீட்டுக்காரர். ஆட்டோக்காரரும் பூக்காரம்மாவும் பேசுவது திருத்தப்பட வேண்டிய பிழையாகிவிடுகிறது. மாதாமாதம் பணம் கொடுத்துத் தங்கும் பெண்ணால் மறுத்துப் பேசவும் முடிவதில்லை.

இன்னொரு எதிரி ஆங்கிலம். மயிலாப்பூர், அடையாறு வீடுகளில் வெள்ளைக்காரர் காலெடுத்து வைத்ததும் எல்லோருக்கும் ஆங்கிலம் வந்துவிடுகிறது. அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியன் ஸ்டடீஸ் தன் தமிழ் வகுப்புகளைச் சென்னையில் நடத்தாமல் மதுரையில் நடத்துவது நல்ல ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாம் மாதம் நாங்களும் ஒரு ஏற்பாடு செய்தோம். ஊஞ்சல் பக்கத்தில் ஒரு மண் உண்டியல். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் யார் ஆங்கிலம் பேசினாலும் பத்து ரூபாய். முதல் நாளே நாற்பது ரூபாய் சேர்ந்தது. அதில் முப்பது மாமியார் போட்டது.