சைபீரியா வெடிக்காது

'சைபீரியாவின் பனிக்கடியில் மீத்தேன் குண்டு!' என்கிற ரீதியில் ஒரு தலைப்பை நீங்கள் படித்திருப்பீர்கள். வருடத்துக்கு இரண்டு தடவையாவது வந்துவிடும். கூடவே ராட்சதப் பள்ளம் ஒன்றின் படம், அதன் விளிம்பில் எறும்பு சைஸில் நாலு மனிதர்கள். படிக்கிறோம், 'அடப்பாவமே' என்கிறோம், பக்கத்தைப் புரட்டி ராசிபலனுக்குப் போய்விடுகிறோம்.

என் புகார் அந்தத் தலைப்பின் மேல்தான். பயமுறுத்துகிறதே என்று நான் கோபப்படவில்லை. பயப்பட வேண்டிய சங்கதிதான். ஆனால், தப்பான இடத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறது.

முதலில் பெயர். பெர்மாஃப்ராஸ்டைத் தமிழில் 'நிரந்தர உறைபனி' என்று எழுதுகிறார்கள். இரண்டு வார்த்தை, இரண்டுமே சரியில்லை. நிரந்தரமாக இருந்தால் நாம் இதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. அது பனியும் இல்லை. மண், மணல், கல், மக்காத வேர், சில இடங்களில் மாமூத் எலும்பு, எல்லாவற்றையும் ஒட்டவைத்திருக்கும் ஐஸ். தொடர்ந்து இரண்டு வருடமாவது பூஜ்ய டிகிரிக்கு மேலே போகாத நிலம் என்பதுதான் இலக்கணம். 'உறைநிலம்' என்று சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்தது, வினைச்சொல். உறைநிலம் 'உருகுகிறது' என்று எழுதுகிறோம். நெய் உருகும், மெழுகு உருகும். ஃப்ரீஸரிலிருந்து எடுத்து வைத்த மீன் உருகுமா? இளகும். ஐஸ் உருகினால் தண்ணீர், கதை முடிந்தது. மீன் இளகினால்தான் கதையே ஆரம்பம். சாயங்காலம் வரை சமையல் மேடையில் விட்டுப் பாருங்கள், பக்கத்து வீட்டுக்கே தெரிந்துவிடும்.

உறைநிலத்தில் நடப்பது அதேதான். பல்லாயிரம் வருடங்களாகச் செத்த புல்லும் பாசியும் மிருகமும் மக்குவதற்குள் உறைந்துபோன இடம் அது. அப்படி அங்கே அடைபட்டுக் கிடக்கும் கார்பன் சுமார் ஒன்றரை லட்சம் கோடி டன். இப்போது காற்றில் இருக்கும் மொத்தக் கார்பனைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நிலம் இளகியதும் தூங்கிக்கொண்டிருந்த நுண்ணுயிர்கள் சாப்பிட உட்கார்கின்றன. ஃப்ரிட்ஜில் சும்மா கிடந்த இட்லி மாவு வெளியே எடுத்து வைத்தால் பொங்குகிறதே, அந்தக் கணக்கு. காற்றோட்டம் இருந்தால் கார்பன் டை ஆக்சைடு விடும். தண்ணீர் தேங்கி ஆக்சிஜன் இல்லாமல் போனால் மீத்தேனும் விடும். மீத்தேன் நூறு வருடக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 27 மடங்குக்கு மேல் சூடேற்றும். ஆனால், பன்னிரண்டு வருட வாக்கில் சிதைந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு அத்தனை சீக்கிரம் போகாது.

இது எத்தனை ஆழம் தெரியுமா? கிழக்கு சைபீரியாவில் யாகுட்ஸ்க் என்று ஒரு நகரம். 1828-ல் அங்கே ஃபியோதர் ஷெர்கின் என்ற ஆசாமி கிணறு வெட்ட ஆரம்பித்தார். ரஷ்ய-அமெரிக்க கம்பெனியின் அதிகாரி. குடிக்கத் தண்ணீர் வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. வெட்டினார், வெட்டினார், சுமார் ஒன்பது வருடம் வெட்டினார். 116 மீட்டர் ஆழம் போயும் தண்ணீர் வரவில்லை. கிட்டத்தட்ட நாற்பது மாடிக் கட்டடத்தைத் தலைகீழாக இறக்கிவைக்கலாம், அடிவரைக்கும் உறைந்த மண். 1844-ல் மிட்டென்டார்ஃப் என்ற விஞ்ஞானி வந்து அந்தக் கிணற்றில் அடுக்கடுக்காக வெப்பநிலை எடுத்தார். தண்ணீர் கிடைக்காத அந்தக் கிணறுதான் உறைநில விஞ்ஞானத்தின் பிள்ளையார் சுழி.

இப்போது குண்டுக்கு வருவோம்.

2013 ஜூலையில் 'நேச்சர்' பத்திரிகையில் கெய்ல் வைட்மன், கிறிஸ் ஹோப், பீட்டர் வாடம்ஸ் மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். கிழக்கு சைபீரியக் கடலடியில் இருக்கும் மீத்தேனிலிருந்து 5,000 கோடி டன் பத்து வருடத்தில் வெளியேறினால் உலகப் பொருளாதாரத்துக்கு என்ன நஷ்டம்? 60 லட்சம் கோடி டாலர் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கில் தப்பில்லாமல் இருக்கலாம். ஆனால் 'வெளியேறினால்' என்பதில் ஒரு 'ஆல்' இருக்கிறது பாருங்கள், செய்தித்தாள் தலைப்புக்குப் போவதற்குள் அது உதிர்ந்துவிட்டது. குண்டு தயார்.

கட்டுரையின் கோளாறு, அந்த 'ஆல்' எவ்வளவு தூரம் நடக்கக்கூடியது என்பதில்தான். அந்தக் கடலில் வருடத்துக்கு 80 லட்சம் டன் மீத்தேன் வெளியேறுகிறது என்று 2010-ல் ஷாகோவா குழு மதிப்பிட்டது. 2014-ல் ஓடன் என்ற ஸ்வீடன் கப்பலில் போய் அளந்தவர்கள் 2016-ல் சொன்ன மதிப்பு 29 லட்சம் டன். உலகம் முழுக்க எல்லா வழியிலும் வெளியேறும் மீத்தேன் வருடத்துக்கு சுமார் 60 கோடி டன். கட்டுரையில் கற்பனை செய்த அளவோ வருடத்துக்கு 500 கோடி டன். அளந்ததற்கும் நினைத்ததற்கும் நடுவே ஆயிரம் மடங்குக்கு மேல் இடைவெளி. கட்டுரை வந்து பத்து வருடம் தாண்டிவிட்டது. வெடிக்கவில்லை.

'அப்பாடா' என்று சாய்ந்து உட்கார்ந்துவிடாதீர்கள். நிலத்தின் கதை வேறு.

படாகாய் பள்ளம் என்று ஒன்று யாகுட்டியாவில் இருக்கிறது. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம். 'பாதாளத்தின் வாசல்' என்று தலைப்புகளில் வருவது இதுதான். இதன் அடியில் இருக்கும் உறைமண்ணுக்கு 6,50,000 வருட வயதாவது இருக்கும் என்று 2021-ல் வந்த ஆய்வு சொல்கிறது. இதை ஒரு நிமிடம் யோசியுங்கள். அத்தனை காலத்தில் பூமி பல தடவை சூடாகிக் குளிர்ந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் இந்த மண் தாக்குப்பிடித்துவிட்டது. 1960-களில் மேலே இருந்த காட்டை வெட்டினார்கள். நிழல் போனது, மண் இளகியது, ஐஸ் உருகியது, நிலம் சரிந்தது, இன்னும் சரிந்துகொண்டிருக்கிறது. ஆறரை லட்சம் வருடம் அசையாத மண், மேல்போர்வையைப் பிடுங்கியதும் அரை நூற்றாண்டில் சரிந்துபோனது. குண்டுக் கதையைவிட எனக்கு இதுதான் பெரிய பயம்.

மொத்தக் கணக்கு என்ன? 2021-ல் ஐ.நா.வின் ஐ.பி.சி.சி. அறிக்கை சொன்னபடி, பூமி சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் இந்த நூற்றாண்டு முடிவதற்குள் உறைநிலம் கார்பன் டை ஆக்சைடாக விடப்போகும் கார்பன் சுமார் 1,800 கோடி டன். நிலக்கரியும் பெட்ரோலும் எரித்து நாம் வருடத்துக்குக் கக்குவது சுமார் 1,000 கோடி டன். அதாவது ஒரு டிகிரிக்கு, நம்முடைய இரண்டு வருட வேலையைவிடக் கொஞ்சம் குறைவு. வெடி என்று இதைச் சொல்ல முடியாது. உலக வரைபடத்தில் பெயரில்லாத ஒரு பெரிய நாடு புதிதாக முளைத்து, புகைவிட ஆரம்பித்த மாதிரி.

ஆனால், அந்த 1,800 என்பது நடு எண். 300-ஆகவும் இருக்கலாம், 4,100-ஆகவும் இருக்கலாம் என்கிறது அதே அறிக்கை. படாகாய் போலத் திடீரென்று சரியும் நிலத்தை மாடல்கள் சரியாகப் பிடிப்பதில்லை. அப்படிச் சரியக்கூடியது மொத்த உறைநிலப் பரப்பில் 20 சதவிகிதத்துக்கும் குறைவுதான் என்றாலும், உறைநிலக் கார்பனில் பாதியை அது தொடும் என்று 2020-ல் டுரெட்ஸ்கி குழு எழுதியது. 2024-ல் அமெரிக்காவின் ஆர்க்டிக் ஆண்டறிக்கை, காட்டுத்தீயையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆர்க்டிக் துந்த்ரா இப்போது கார்பனை வாங்குவதைவிட விடுவது அதிகம் என்று சொல்லிவிட்டது. பல்லாயிரம் வருடங்களாகப் போட்டுக்கொண்டே இருந்த சேமிப்புக் கணக்கில் இப்போது எடுப்பு ஆரம்பம்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. நாடுகள் தாக்கல் செய்யும் கார்பன் கணக்கில் மனிதன் கைவைத்த நிலம்தான் வரும். ஆளில்லாத துந்த்ரா தானாக விடும் கார்பன் யார் பேரேட்டிலும் ஏறாது. காற்றில் மட்டும் ஏறும்.

குண்டு என்ற உவமையால் இன்னொரு கெடுதல், அது நல்ல சாக்காகிவிடுகிறது. 2020 மே 29 அன்று ரஷ்யாவின் நோரில்ஸ்க் நகரில் ஒரு மின்நிலையத்தின் டீசல் டாங்க் உடைந்து சுமார் 20,000 டன் டீசல் வெளியேறி ஆறுகள் சிவந்தன. 'உறைநிலம் இளகிவிட்டது, தூண் இறங்கிவிட்டது' என்றது கம்பெனி. அரசின் கண்காணிப்பு அமைப்பு விசாரித்தபோது கட்டுமானக் கோளாறும் பராமரிப்புக் கோளாறும் வெளியே வந்தன. 2021-ல் கோர்ட் விதித்த அபராதம் சுமார் 14,600 கோடி ரூபிள். 2016-ல் யமால் தீபகற்பத்தில் ஆந்த்ராக்ஸ் வந்து 2,000-க்கு மேல் கலைமான்கள் செத்தன. 12 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். இளகிய மண்ணிலிருந்து பழைய கிருமி எழுந்து வந்திருக்கலாம் என்றார்கள். இருக்கலாம். ஆனால், மான்களுக்குப் போட்டுவந்த தடுப்பூசியை 2007-லேயே நிறுத்திவிட்டிருந்தார்கள் என்பது எத்தனை தலைப்புகளில் வந்தது? பூமி சூடாவது நிஜம். அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள நிறையப் பேர் க்யூவில் நிற்பதும் நிஜம்.

சரி, வைத்தியம்? இங்கேயும் நமக்கு சினிமா வேண்டியிருக்கிறது.

வடகிழக்கு சைபீரியாவில் செர்ஸ்கி என்ற ஊரில் செர்கெய் ஜிமோவ் என்ற விஞ்ஞானி இருக்கிறார். உறைநிலக் கார்பனின் முக்கியத்துவத்தை உலகத்துக்கு உரக்கச் சொன்னவர்களில் ஒருவர், மரியாதைக்குரிய மனிதர். 1996-ல் 'ப்ளைஸ்டோசீன் பூங்கா' ஆரம்பித்தார். யோசனை இதுதான்: வெண்பனி ஒரு கம்பளி. குளிர்காலத்தில் மைனஸ் 40 குளிரை மண்ணுக்குள் போகவிடாமல் தடுக்கிறது. குதிரை, காட்டெருமை, கலைமான் எல்லாம் கூட்டமாக நடந்தால் பனி மிதிபட்டு அமுங்கும், குளிர் உள்ளே இறங்கும், மண் உறைந்தே இருக்கும். இதை வைத்து 2020-ல் அவரும் ஹாம்பர்க் விஞ்ஞானிகளும் மாடல் போட்டுப் பார்த்தார்கள். கடுமையாகச் சூடாகும் உலகத்திலும் 2100 வரை 80 சதவிகித உறைநிலத்தைக் காப்பாற்றலாம் என்று வந்தது.

அழகான யோசனை. இயற்பியலும் சரி. இடிப்பது பெருக்கல்தான். பூங்கா சுமார் 20 சதுர கிலோமீட்டர். வடக்கு அரைக்கோளத்தின் உறைநிலம் சுமார் 1 கோடியே 40 லட்சம் சதுர கிலோமீட்டர். ஏழு லட்சம் பூங்கா வேண்டும். வேலி யார் போடுவது? மிருகங்கள் எங்கிருந்து வரும்?

மாமூத்தையே மறுபடி பிறக்கவைக்கிறோம், அது மிதித்துக் காப்பாற்றும் என்று 2021-ல் ஒரு அமெரிக்க கம்பெனி கிளம்பியது. 2025 மார்ச்சில் அவர்கள் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்டியது, சடை முடி வைத்த சுண்டெலி. சுண்டெலி மிதித்து எத்தனை பனி அமுங்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

குண்டும் மாமூத்தும் எனக்கு ஒரே கதையின் இரண்டு பாதிகளாகத் தெரிகின்றன. முதல் பாதியில் எங்கேயோ வடக்கே ஒரு ராட்சசன் தூங்குகிறான். இரண்டாம் பாதியில் எங்கேயோ வடக்கே ஒரு யானை வந்து காப்பாற்றுகிறது. இரண்டிலும் நமக்கு வேலை இல்லை, டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான்.

உண்மையில் பார்க்கக்கூட வழி அடைபட்டுவருகிறது. ரஷ்யாவின் பரப்பில் பாதிக்கு மேல் உறைநிலம். 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியபின் மேற்கத்திய நாடுகளுக்கும் ரஷ்ய ஆய்வு நிலையங்களுக்கும் இருந்த தொடர்பு பெரும்பாலும் அறுந்தது. அந்த நிலையங்களின் அளவீடுகள் இல்லாமல் ஆர்க்டிக்கைப் பற்றிப் போடும் கணக்குகள் ஒருபக்கம் சாய்ந்துவிடும் என்று 2024-ல் ஓர் ஆய்வு எச்சரித்தது. மருத்துவமனையில் நோயாளிக்கு ஜுரம் ஏறும் நேரம் பார்த்துத் தெர்மாமீட்டரைப் பிடுங்கின கதை. இந்தச் செய்திக்கு ஏன் ராட்சதத் தலைப்பு வரவில்லை? படமில்லை, அதனால்.

இளகியதை மறுபடி உறையவைக்க நம்மால் முடியாது. போன கார்பன் பல நூறு வருடத்துக்குத் திரும்பாது. ஆனால், ஐ.பி.சி.சி. சொன்ன அந்த வரியில் 'ஒவ்வொரு டிகிரிக்கும்' என்று ஒரு சொல் இருந்ததே, அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அரை டிகிரி குறைத்தால் 900 கோடி டன் மண்ணிலேயே தங்கும். கால் டிகிரி குறைத்தாலும் அதற்குத் தக்கபடி தங்கும். குண்டென்றால் வெடிக்கும் அல்லது வெடிக்காது, நடுவே எதுவும் கிடையாது. இங்கே எல்லாமே நடுவில்தான் இருக்கிறது. அந்த நடுவை ஏற்றுவதும் இறக்குவதும், சைபீரியாவிலிருந்து வெகு தூரத்தில் கரி எரிக்கும் அனல்மின் நிலையங்களும், நம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டிகளும்.