நிரூபிக்கும் சுமை: யாழ்ப்பாண முஸ்லிம்களின் வரலாற்றெழுத்து

ஊரைவிட்டு விரட்டப்பட்ட சமூகம் முதலில் இழப்பது வீட்டை; அடுத்து இழப்பது, அங்கே வாழ்ந்ததற்கான சாட்சியை. 1990இல் வெளியேற்றப்பட்ட யாழ்ப்பாண முஸ்லிம்கள் நூல்களாலும் நினைவு மலர்களாலும் ஆய்வறிக்கைகளாலும் அந்தச் சாட்சியைக் காத்து வந்திருக்கிறார்கள். இவ்வளவு பெரிய பணியைச் செய்த இந்த எழுத்து பெரும்பாலும் யாருக்கோ எதையோ நிரூபிக்கும் நிலையிலிருந்தே எழுதப்பட்டது. அதன் பலமும் பலவீனமும் அங்கேதான் பிறக்கின்றன.

இந்த நிலையின் தொடக்கம் பழையது. சட்டநிரூபண சபையில் தமிழரின் பிரதிநிதியாக இருந்த பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் எனப்படும் இலங்கை முஸ்லிம்கள் இனத்தால் தமிழரே என்று 1888இல் கட்டுரை வெளியிட்டார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதை மறுத்து, அரபு வம்சாவளியை முன்வைத்தார். அந்தச் சபையில் முஸ்லிம்களுக்கான தனிப் பிரதிநிதித்துவம் பற்றிய போட்டி பின்னால் இருந்ததால் இந்த வாதம் வெறும் ஏட்டுச் சர்ச்சையாக நிற்கவில்லை. அன்றிலிருந்து சோனகர் வரலாறு பெரும்பாலும் அரபு வணிகரின் வருகையோடுதான் தொடங்குகிறது. யாழ்ப்பாண முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகதெருவின் தையற்காரருக்கும் இரும்புக்கடைக்காரருக்கும் அந்தப் பக்கங்களில் கிடைத்த இடம் குறைவு.

இந்த வம்சாவளி வாதத்தின் பிடியை மீறி நின்றவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். 1911இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்த அவரே இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராக இருந்தார். 1963இல் வெளிவந்த ‘இலங்கையில் இஸ்லாம்’ நூலைத் தமிழில் எழுதினார். இஸ்லாத்தையும் தமிழையும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல் வாழமுடியும் என்பதற்கு அவருடைய வாழ்வே போதிய ஆதாரம்.

1990 ஒக்டோபர் 30 எல்லாவற்றையும் மாற்றியது. யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒலிபெருக்கியில் அழைத்து, ஜின்னா மைதானத்தில் கூட்டி, ஊரைவிட்டு வெளியேற இரண்டு மணி நேரக் கெடு கொடுத்தார்கள் விடுதலைப் புலிகள். நகைகளும் காணி உறுதிகளும் வழியில் பறிக்கப்பட்டன. வடக்கு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் அகதிகளாயினர். பெரும்பாலோர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த புவியியல் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ், இந்த இழப்பைப் புலம்பலாக விடாமல் வீடு, காணி, கடை, நகை என்று கணக்கெடுத்துப் பதிந்தார். வெளியேற்றம் பற்றிய குடிமக்கள் ஆணைக்குழுவின் அறிக்கை 2011இல் வந்தது. உறுதி பறிபோனவருக்கு இத்தகைய பதிவுகளே பிடிமானம். இந்த எழுத்தின் தலையாய பலம் இதுதான்.

ஆனால் சொத்துக் கணக்கில் வாழ்க்கை அடங்காது. அகதி முகாமில் அடுப்பு மூட்டிய பெண், புத்தளத்தில் பிறந்து யாழ்ப்பாணத்தைக் கேள்வியால் மட்டுமே அறிந்த பிள்ளை, திரும்பிவந்தும் வீடு கட்ட வழியில்லாத கூலித் தொழிலாளி ஆகியோரின் குரல் மலர்களில் அரிது. அவற்றின் முன்பக்கங்களைப் பிரமுகர்களின் படங்களும் வாழ்த்துரைகளும் நிரப்புகின்றன. தமிழரோடு ‘பிட்டும் தேங்காய்ப்பூவும்’ போல வாழ்ந்தோம் என்ற வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த நெருக்கம் பொய்யல்ல. எனினும், அப்படி வாழ்ந்தவர்கள் வெளியேற்றப்பட்டபோது அயலவரால் ஏன் தடுக்க முடியவில்லை, தடுக்க நினைத்தவர்கள் எதற்கு அஞ்சினார்கள் என்ற கேள்விகளை அந்த வாசகம் மூடிவிடுகிறது.

குறை எழுதுபவரிடம் மட்டும் இல்லை; யாழ்ப்பாணத் தமிழராகிய நம்மிடமும் உண்டு. 1981இல் யாழ் நூலகம் எரிந்ததை உலகெங்கும் உள்ள யாழ்ப்பாணத் தமிழர் நினைவுகூர்கிறார்கள். அந்த எரிப்பைப் பாடிய ‘புத்தரின் படுகொலை’ கவிதையை எழுதிய எம்.ஏ. நுஃமான், அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த கிழக்கிலங்கை முஸ்லிம். நம் இழப்பை அவர் தன் இழப்பாக எழுதினார். 1990ஐ நாம் அப்படி எழுதினோமா? புலம்பெயர் சிற்றிதழ்களில் சிலர் எழுதினார்கள். நினைவு மேடைகளோ பெரும்பாலும் மௌனம் காத்தன.

முஸ்லிம்களின் வரலாற்றை முஸ்லிம்களே எழுதி, அவர்களே வாசிக்கும் நிலை நீடிக்கும்வரை நிரூபிக்கும் சுமை அவர்கள் தோளிலேயே இருக்கும். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களும் பல்கலைக்கழகமும் புலம்பெயர் அமைப்புகளும் அதை யாழ்ப்பாண வரலாற்றின் அத்தியாயமாக ஏற்றுக் கற்பிக்க வேண்டும். அப்போதுதான் அவர்கள் யாருக்கும் பதில் சொல்லும் தேவையின்றித் தங்கள் குறைகளையும் பெண்களின் அனுபவங்களையும் மனந்திறந்து எழுத முடியும்.