சூரியகாந்தித் தோட்டத்து ரீல்ஸ்: ஒரு விமர்சனம்

புளியறையில எங்க வீடு கொல்லம் ரோட்டை ஒட்டி இருக்கு. முன்னாடியெல்லாம் சாரல் சீசன்ல எஸ் வளைவு இறங்கி வர்ற கேரளா வண்டிகள் குற்றாலத்துக்கு வழி கேட்கும். இப்போ ஜூலை, ஆகஸ்ட் வந்தா சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தித் தோட்டத்துக்கு வழி கேட்குது. எல்லாம் ரீல்ஸ் பார்த்து வர்ற கூட்டம்.

சரி, அந்த ரீல்ஸ்ல அப்படி என்னதான் இருக்குன்னு போன வாரம் உட்கார்ந்து ஒரு நாற்பது பார்த்தேன். நாற்பதும் ஒரே ரீல் மாதிரிதான் இருந்தது. முன்னாடி பூக்கள், பின்னாடி மேற்குத் தொடர்ச்சி மலை, நடுவில் ஒருத்தர் கையை விரிச்சுத் திரும்புவார். ஏன் எல்லாரும் ஒரே ஃபிரேமை வைக்கிறாங்க? காப்பி அடிக்கிறாங்கன்னுதான் முதலில் நினைத்தேன். உண்மையான காரணம் பூவில் இருக்கிறது.

சூரியகாந்தி நாள் முழுக்க சூரியனோடு திரும்பும்னு பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அது பாதிதான் உண்மை. வளரும் இளஞ்செடிதான் அப்படித் திரும்பும். முழுசா மலர்ந்த பூ கிழக்கைப் பார்த்து நின்றுவிடும். அப்போ பூவின் முகம் தெரியணும்னா கேமரா மேற்கே பார்க்கணும். அந்த ஊரில் மேற்கே மலை. ஆக, யார் எடுத்தாலும் அதே படம்தான் வரும்.

இதுல என்ன தப்புன்னு கேட்கலாம். கிழக்கே பார்க்கும் பூவுக்குக் காலை வெயில் முதலில் படும், சீக்கிரம் சூடேறும், தேனீ அங்கேதான் அதிகம் வரும். 2016ல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொட்டிச் செடிகளை மேற்கே திருப்பிவைத்து ஒப்பிட்டே இதைக் காட்டினார்கள். தேனீ வந்தால்தான் விதை நன்றாகப் பிடிக்கும். நம்ம ரீல் கூட்டம் வந்து நிற்பதும் அதே காலை நேரம், பூவுக்கு அதே கிழக்குப் பக்கம். மிதிபடும் செடி நம்ம கண்ணுக்குத் தெரியும். வராமல் போன தேனீ எந்தக் கேமராவிலும் தெரியாது.

இதெல்லாம் ரீல்ஸ் தொடங்கி வைத்ததும் இல்லை. 1992ல் வந்த ரோஜா படத்தின் கதாநாயகிக்கு இந்த ஊர்தான் சொந்த ஊர். 2005ல் வந்த அந்நியனின் ஒரு பாட்டுக்காகப் பாறையில் வரைந்த நடிகர்களின் முகங்களைப் பார்க்க இன்னமும் ஆள் வருகிறது. சினிமாவும் ஊரை அழகான பின்னணியாகத்தான் பார்த்தது. ஆனா சினிமாக்காரர்கள் வந்தால் யாரோ ஒருத்தர் முன்கூட்டியே வந்து பேசுவார், வாடகை தருவார், ஒருநாள் எல்லாத்தையும் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ரீல்ஸில் வருகிற ஒவ்வொருத்தரும் இயக்குநர். நிலத்துக்காரரிடம் பேச வேண்டிய வேலை மட்டும் யாருக்கும் இல்லை.

நான் சாஃப்ட்வேர்காரன். இந்தச் செயலிகள் எப்படி யோசிக்கும்னு கொஞ்சம் தெரியும். எது அழகுன்னு அதுக்குத் தெரியாது. எதைக் கடைசிவரை பார்த்தோம், எதை நண்பருக்கு அனுப்பினோம் என்பதுதான் கணக்கு. ஒரு ஃபிரேம் ஓடினால் அதே மாதிரி இன்னொன்றைக் காட்டும், பார்க்கிறவரும் அதே மாதிரி எடுப்பார். இதற்கெல்லாம் மேல லொகேஷன் டேக். அது ஒருத்தருடைய வயலை எல்லாருக்குமான முகவரியா மாத்திடுது.

இந்த இடத்தில் ஒன்றை ஒத்துக்கணும். மூணு வருஷம் முன்னாடி எங்க மாமா தோட்டத்தை நானே படம் எடுத்து, இடத்தோட பெயரையும் சேர்த்துப் போட்டேன். நிறைய லைக் வந்தது, பெருமையாகவும் இருந்தது. அடுத்த வருஷம் மாமா வரப்போரமா முள்ளு வெட்டிப் போட்டிருந்தார். அதுக்கு அடுத்த வருஷம் முள்ளை எடுத்துட்டு, ஆளுக்கு இருபது ரூபா வாங்கினார்.

"நல்லதுதானே மாமா, ரெண்டு பக்கமும் வருமானம்"னு சொன்னேன்.

"பூவப் பாக்கக் காசு தாரானுவ மருமவனே. வெதைக்கு வெல கேட்டா மட்டும் ஒருத்தனும் நிக்க மாட்டேங்கான்"னார்.

அவர் சொன்னதில் பெரிய பொருளாதாரம் இருக்கிறது. இந்தியாவில் நாம் வாங்கும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைன், ரஷ்யா, அர்ஜென்டினாவிலிருந்து வருவது. 2022ல் போர் தொடங்கியதும் இங்கே எண்ணெய் பாக்கெட் விலை எகிறியது ஞாபகம் இருக்கும். அடுப்பில் கொதிப்பது கடல் கடந்து வந்த விதையின் எண்ணெய். பக்கத்து ஊர்ப் பூ நமக்கு ஃபோனில் பார்க்க மட்டும். மாமா பூ காட்டி வாங்கும் இருபது ரூபாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வரலை. ஆனா விவசாயி விளைச்சலை விட்டுட்டு காட்சியை விற்க ஆரம்பிச்சா, அடுத்து எதுக்காக விதைப்பார்ங்கிற கேள்விதான் என்னை உறுத்துது.

என் பழைய படத்திலிருந்து இடத்தின் பெயரை எடுத்துட்டேன். அதனால பெரிசா எதுவும் மாறிடாது, தெரியும். போகாதீங்கன்னும் சொல்ல மாட்டேன். போனா நிலத்துக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க, வரப்பை விட்டு இறங்காதீங்க. முடிஞ்சா காலையில போகாம சாயங்காலமாப் போங்க. பூ உங்களைப் பார்த்து நிற்கும், வெயில் மலைக்குப் பின்னாடி இறங்கும், முகம் கொஞ்சம் இருட்டா விழும். ரீலுக்கு லைக் குறையலாம். தேனீ அதுக்குள்ள தன் வேலையை முடிச்சிருக்கும்.