அரசு கூறும் உபவாசம்: மனந்திரும்புவது யார்?

நாட்டுக்கு இடுக்கண் நேருங்கால் ஆட்சியாளரே உபவாச நாளைக் குறித்து மக்களை ஜெபத்துக்கு அழைப்பது ஆதி அமெரிக்காவில் வேரூன்றிய வழக்கமாகும். 1776 மே 17ஆம் நாளை அவ்வாறு குறித்த அமெரிக்கக் காங்கிரசு, பாவங்களை அறிக்கையிடுமாறு மக்களை வேண்டிற்று. ஆயின் அடிமை முறையைப் பாவமென்று அப்பிரகடனம் பெயர் சுட்டவில்லை. பெயர் சுட்டப்படாத பாவத்தை அறிக்கையிடுவது எளிது.

திருமறை இருவகை உபவாசப் பிரகடனங்களைக் காட்டுகிறது. யேசபேல் கூறுவித்த உபவாசம் நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பறிக்கும் சூழ்ச்சியாயிற்று (1 இராஜாக்கள் 21). நினிவேயின் அரசனோ, குடிகளுக்குக் கட்டளையிடுமுன் தானே சிங்காசனத்தை விட்டிறங்கிச் சாம்பலில் உட்கார்ந்தான் (யோனா 3). அறிவிப்பவன் தன் இருக்கையை விட்டு இறங்குகிறானா என்பதே நாம் கைக்கொள்ளவேண்டிய உரைகல்.

அமெரிக்க வரலாற்றிலும் இதற்குச் சான்றுண்டு. சேலம் சூனிய வழக்குகளில் 1692இல் குற்றமற்றோர் தூக்கிலிடப்பட்டனர். அதன்பொருட்டு மாசசூசெட்ஸ் அரசு 1697 சனவரி 14ஐ உபவாச நாளாகக் குறித்தது. அன்று நீதிபதி சாமுவேல் சூவல் ஆலயத்தில் எழுந்து நிற்க, அவரது குற்ற அறிக்கையைப் போதகர் சபையார்முன் வாசித்தார்.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தார்க்கு இன்னொரு சான்று அருகிலேயே உள்ளது. 1956 நவம்பர் 23 விடியுமுன், வெள்ளம் பெருகிய மருதையாற்றுப் பாலம் இடிந்து, தூத்துக்குடி விரைவு ரயில் கவிழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். தவறு அவருடையதன்று எனப் பிரதமர் நேருவே கூறினார். எனினும் சாஸ்திரி இறங்கினார். இது உபவாசமுமன்று, சமயச் சடங்குமன்று. ஆயினும் நினிவே அரசனின் செயலோடு ஒப்புநோக்கத்தக்கது.

2019ஆம் ஆண்டு வறட்சியில் மழைவேண்டி வழிபாடு நடத்துமாறு தமிழகத் திருக்கோயில்களுக்கு அறநிலையத்துறை ஆணையிட்டது. நம் சபைகளும் மழைக்காக ஜெபித்தன. வேண்டுதலைக் குறைகூறோம். ஆனால் ஏரிகளைத் தூர்ந்துபோகவிட்ட குற்றத்தை நம் பீடங்களில் எத்தனை பேர் பெயர்சொல்லி அறிக்கையிட்டோம்?

அரசை மட்டும் நியாயந்தீர்ப்பது நமக்கு அடாது. திருச்சபைத் தேர்தலும் சொத்து வழக்கும் மன்றங்களில் நிலுவையிலிருக்க, சபையார்க்கு உபவாச நாள் குறிப்போர் நாமே. அடுத்த அறிவிப்பைப் பீடத்தில் வாசிக்குமுன், அதில் நம் பாவம் பெயரோடு எழுதப்பட்டுள்ளதா எனப் பார்ப்போமாக. இல்லையெனில், முதலில் அதை எழுதுவோமாக.