ஒரு செடிக்கு ஒரு புத்தகம்

நாவல் எழுதுகிறவனுக்குத் தோட்டப் புத்தகத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல என்ன உரிமை என்று வாசகர்கள் கேட்கலாம். ஆனால் எது நல்ல புத்தகம் என்ற கேள்வி இரண்டுக்கும் பொதுதான். எழுதியவன் எந்த மண்ணில் நின்று எழுதுகிறான் என்று தெரிய வேண்டும். அது தெரியாத நாவலும் தேறாது. தோட்டப் புத்தகமும் தேறாது.

கொலம்பைன் என்று ஒரு பூச்செடி. ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா ஆகியவற்றின் குளிர்ந்த பகுதிகளில் அறுபது எழுபது இனங்களாகப் பரவியிருக்கிறது; நம் இமயத்திலும் உண்டு. புறாவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. சாஸ்திரப் பெயரான அக்விலீஜியாவையோ கழுகோடு சேர்த்துச் சொல்கிறார்கள். ஒரே பூ ஒருவனுக்குப் புறா, மற்றவனுக்குக் கழுகு!

இந்தச் செடிக்கு ஒரு குணம் உண்டு. இரண்டு இனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கலந்துவிடும். தோட்டத்தில் பொறுக்கிய விதை தாயைப் போல முளைக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆகையால் அகராதி மாதிரியான பெரிய புத்தகங்கள் இதற்கு உதவுவதில்லை. 'அரை நிழல், ஈரம், நல்ல வடிகால்' என்று இரண்டு வரி சொல்லிவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடுகின்றன.

ராபர்ட் நோல்ட் 2003ல் வெளியிட்ட புத்தகம் வேறு ஜாதி. கொலம்பைனையும் அதன் நெருங்கிய உறவினர் இரண்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார். அவர் அமெரிக்காவில் கொலராடோக்காரர்; மழை குறைந்த சீமை. 1899ல் கொலம்பைனையே தன் பூவாக ஏற்றுக்கொண்ட மாநிலம் அது. தாமே செடி வளர்க்கிற மனிதர் எழுதியது என்பதுதான் இந்தப் புத்தகத்தின் பலம்.

மல்லாங்கிணற்றில் உட்கார்ந்துகொண்டு இதைப் படித்து என்ன பிரயோஜனம்? இந்தக் கரிசல், மழையில் உப்பிக் குழம்பாகும். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். குளிர் கேட்கிற கொலம்பைன் இங்கே ஒரு சித்திரையைத் தாண்டாது. இருந்தாலும் படித்தேன். படித்தபோது மனம் மல்லிகையிடம் போயிற்று.

மதுரை மல்லிக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரையோடு நம் விருதுநகர் மாவட்டமும் அதில் அடக்கம். மல்லிகையின் குணம் கொலம்பைனுக்கு நேர் எதிர். விதை போட்டு யாரும் மல்லிகை வளர்ப்பதில்லை. கிளையை வெட்டி நடுகிறார்கள். இன்று பூக்கிற செடி, என்றோ எங்கோ பூத்த ஒரு செடியின் கிளைதான். கையிலிருந்து கைக்குப் போகிற செடிக்குப் புத்தகம் எதற்கு என்று கேட்கத் தோன்றும்.

கிளை, பூவின் வாசனையைக் கொண்டுவந்துவிடும். ஆனால் எப்போது கவாத்துச் செய்வது, எந்த நிலத்தில் எத்தனை நாளுக்கு ஒரு தண்ணீர், மொட்டில் புழு விழுந்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் அது கொண்டுவராது. இவை விடியுமுன் மொட்டுப் பறிக்கப் போகும் பெண்களிடமும், கிழவர்களிடமும் இருக்கின்றன. அவர்கள் பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள்.

நான் புரட்டிய தமிழ்க் கையேடுகள் நவம்பர் கடைசியில் கவாத்து என்கின்றன. உர அளவைக் கிராமில் தருகின்றன. தப்பில்லை. ஆனால் கரிசலா செவலா, கிணற்றுத் தண்ணீர் நல்லதா உப்பா என்று கேட்பதில்லை. பட்டுப்போன ஒரு செடியைப் பற்றிக்கூட அவற்றில் பேச்சில்லை. 1860களில் தோட்டக்கலை நூல் எழுதிய பாதிரியார் ஃபர்மிஞ்சர், அது வங்காளத்துக்கும் வட இந்தியாவுக்கும் உரியது என்று தலைப்பிலேயே எல்லை கட்டிவிட்டார். அந்த நேர்மை பெரிது.

மல்லிகைக்கு அப்படி ஒரு புத்தகம் வேண்டும். அதை எழுதுகிறவர் பண்டிதராக இருக்க வேண்டியதில்லை. பத்து வருஷம் ஒரே நிலத்தில் செடி வைத்து, எது பிழைத்தது, எது பட்டுப்போயிற்று என்று ஊர்ப் பெயரோடு எழுதினால் போதும். சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். எல்லோருக்கும் எழுபது தாண்டிவிட்டது.